செந்தூல் மளிகைக்கடை அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்,

எங்கள் வகுப்புக்கு இடமில்லாமல் போனதைக் கோலாலம்பூர் செந்தூலில் யாருக்கும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் எல்லாரும் கைகொடுத்ததால் சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மண்டபச் சாவியைத் தந்த கோயில் நிர்வாகத்தினர், மேசை தூக்கிவந்த தம்பிகள், நாசி லெமாக் பொட்டலம் கட்டி அனுப்பிய அம்மாமார்கள், அனைவருக்கும் கைகூப்பி நன்றி.

அக்கா, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். பிள்ளைகள் எண்ணிப் பழக, யாரும் கேட்காமலே கல்லாவிலிருந்து எடுத்து இரவலாகத் தந்தீர்களே, அந்தச் சில்லறைப் பை! 5 காசு 200, 10 காசு 100, 20 காசு 50, 50 காசு 20. மொத்தம் 40 வெள்ளி (ரிங்கிட்). 10 வெள்ளியில் 6.35 போனால் மீதி என்ன என்று கேட்டால் பல பிள்ளைகள் 4.35 என்று எழுதும். மேலே பூஜ்யம் இருக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை; அதனால் 5, 3 இரண்டையும் அப்படியே இறக்கிவிடும். காசை வைத்து ஏறி எண்ணினால் இந்தப் பிழை வராது. 5 காசு வைத்தால் 6.40, இன்னும் 10 வைத்தால் 6.50, ஒரு 50 வைத்தால் 7 வெள்ளி, பிறகு 3 வெள்ளி. மீதி 3.65.

பையைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. கடையில் பிள்ளைகள் மீதிக் காசை எண்ணும்போது, பின்னால் வரிசை நீண்டாலும் நீங்கள் விடையை எடுத்துக்கொடுக்கவில்லை. அவசரப்படுத்தினால் பயம் வரும். எண்களை ஒரு நொடி பிடித்துவைக்க வேண்டிய நினைவை அந்தப் பயமே அடைத்துக்கொள்ளும். கணக்குத் தெரிந்த பிள்ளைக்கும் கடன் வாங்கிய 1 மறந்துபோகும்.

“கணக்கு வந்தால்தானே பிள்ளை பிற்காலத்தில் நல்லா இருக்கும்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 7 வயதில் கணக்கும் வாசிப்பும் நன்றாக வந்தவர்கள், பிறந்த வீட்டின் வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், 42 வயதில் வேலையிலும் வருமானத்திலும் மேலாக இருந்தார்கள். சரி, அது வசதி. மனநிறைவு? 1970-இல் அங்கே பிறந்தவர்களை ஆராய்ந்த லண்டன் பொருளியலாளர்கள், அதை முன்கூட்டிக் காட்டுவதில் சிறுவயது மனநலத்துக்கே முதலிடம் தந்தார்கள். படிப்புத் திறன் கடைசியில் வந்தது.

ஆகவே ஸ்டாப்வாட்ச் இனி மேசைக்கு வராது. கேள்வி கேட்டால், மனசுக்குள் பத்து எண்ணும்வரை எங்களில் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

பையை எண்ணிவிட்டோம்: 39.60. இரண்டு 20 காசு எங்கேயோ உருண்டுவிட்டது, போட்டுச் சரிசெய்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம். உங்கள் முன்னால் எண்ணித் தரப்போவது பிள்ளைகள்தான், அக்கா, நேரம் பிடிக்கும்.

நன்றியுடன்,
சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு ஆசிரியர்கள்