துண்டுக்குள் விரல்

அன்புள்ள மாப்ளே,

டெல்லியில் கேலரிகள் ஸ்டால் போட்டுப் படம் விற்கும் இந்தியா ஆர்ட் ஃபேருக்குப் போய் வந்து நாலு நாள் ஆகிறது. அந்த ஊர்ப் புகை கொடுத்த இருமல் இன்னும் விடவில்லை. "இந்த வருஷம் விற்ற படத்துக்கு ஒட்டினது எத்தனை சிவப்புப் பொட்டு?" என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை. ஸ்டாலே போடவில்லை. சும்மா பார்க்கத்தான் போனேன். ஸ்டால் வாடகை, லாரி, மரப்பெட்டி, இன்சூரன்ஸ், கூட வரும் பசங்களுக்கு ரூம் எல்லாம் கூட்டினால் என் கேலரியின் ஒரு வருஷ வாடகை வருகிறது. போன தடவை விற்றது ரெண்டு சின்னப் படம். அதில் ஒன்றை வாங்கினவர் என் சித்தப்பா மருமகன்.

2008-ல் பிரகதி மைதானில் முதல் வருஷம் போனது ஞாபகம் இருக்கிறது. அப்போது பெயர் இந்தியா ஆர்ட் சம்மிட். 34 கேலரிதான், மத்தியானத்துக்குள் சுற்றி முடித்துவிடலாம். இப்போது ஓக்லாவில், என்.எஸ்.ஐ.சி. மைதானத்தில் கூடாரம் கூடாரமாக நூறுக்கும் மேல். ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒரு மூலையில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டால் போட்ட வருஷங்களில் நான் ஒரு படத்தையும் உருப்படியாகப் பார்த்ததில்லை என்பது இந்தத் தடவைதான் உறைத்தது. வருகிறவர்களின் செருப்பையும் கைக்கடிகாரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வியாபாரம் சூடாக இருப்பதாகக் காட்ட, விற்காத படத்துக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டியதும் உண்டு. உன்னிடம் சொல்வதற்கென்ன.

பழைய ஆட்களின் படங்கள் மாட்டியிருந்த ஒரு ஸ்டாலில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படம் ஒன்று இருந்தது. 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை. ஜாதகக் கட்டம், நடுவில் ஒரு மீன், சுற்றிலும் எழுத்து மாதிரி ஒன்று. காலேஜில் படிக்கும்போது சைக்கிளை மிதித்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனோமே, அப்போது நீ அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்து, "மலையாளமா இருக்கும்டா" என்று கைவிட்டாய். எனக்கு இன்றைக்கும் படிக்க வரவில்லை. அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். அந்தக் காலத்தில் என்றால் நம்ம சைக்கிளை விற்றுக்கூட ஒன்று வாங்கியிருக்கலாம்.

நீ இதை மாட்டுச் சந்தை என்று திட்டுவாய். திட்டு, ஆனால் 1966-ல் சோழமண்டலத்து மண்ணையே அந்த ஓவியர்கள் மெழுகுச் சாயம் போட்ட பாத்திக் துணி விற்ற காசில்தான் வாங்கினார்கள். விற்பதில் கேவலம் இல்லை. மாட்டுச் சந்தை என்று நீ சொன்னதில் வேறொரு விஷயம்தான் சரியாகப் பொருந்துகிறது. தரகன் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவானே, இங்கேயும் அப்படித்தான். படத்துக்குப் பக்கத்தில் அளவு இருக்கும், வருஷம் இருக்கும், விலை இருக்காது. கேட்டால், கேட்பவன் யார் என்று பார்த்துத்தான் பதில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பையன் படம் அங்கே இருந்தது. உன் டிராயிங் கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தானே, பாத்திரப் பட்டறைக்காரர் மகன், அவனேதான். ஒரு பெரிய கேலரி மூன்று சுவரையும் அவனுக்கே கொடுத்திருந்தது. அதே வேலைதான்: கெட்டிக் காகிதத்தைப் பின்பக்கத்திலிருந்து அப்பாவின் சுத்தியால் தட்டி, முன்பக்கம் கிராஃபைட்டை, அதாவது பென்சில் கரியைத் தேய்ப்பது. ஆனால் இப்போது ஆள் உயரம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மேட்டின் விளிம்பிலும் மீன் செதில் மாதிரி மினுக்கம். நம்மிடம் இருந்தபோது இந்தக் கை அவனுக்கு வரவில்லை. பொறாமையோடுதான் எழுதுகிறேன், நன்றாகச் செய்திருக்கிறான்.

ஸ்டாலில் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். நான் ரொம்ப நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கிலீஷில் விளக்கினாள். "பாத்திரத்தைத் துலக்கினா சுத்தி அடிச்ச தடம் மறைஞ்சிடும் சார், காகிதத்துல மறையாது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நான் 2014-ல் அவனுடைய முதல் ஷோவுக்குப் போட்ட புத்தகத்தில் இருந்த வரி. நான் எழுதியதா என்ன? நீ இன்லண்ட் லெட்டரில் அவனைப் பற்றி எழுதி அனுப்பியதை அப்படியே எடுத்துப் போட்டேன், பெயர்கூடப் போடாமல். சுவரில் ஒட்டியிருந்த விவரத்தில் அந்த ஷோ இல்லை. 2019-லிருந்துதான் ஆரம்பிக்கிறது. உன் வரிக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது.

விலை கேட்டேன். கார்டு கொடுங்கள் என்றாள், கொடுத்தேன். 'கேலரி' என்பதைப் படித்ததும் முகத்தில் இருந்த வெளிச்சம் பாதியாகிவிட்டது. "மெயில் பண்றோம் சார்." ஆளைக் கொத்திக்கொண்டு போக வந்தவன் என்று நினைத்திருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என் ஸ்டாலில் நானும் அப்படித்தான். ரெண்டு நிமிஷம் கழித்துப் பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மா வந்து கேட்டபோது காதில் விழுந்தது: ஆறரை லட்சம், ஜி.எஸ்.டி. தனி. 12 சதவீதமாக இருந்த வரியை 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்பதையும் அந்தப் பெண் சேர்த்துச் சொன்னாள். நான் அவன் படத்தைப் பதினெட்டாயிரத்துக்குக் கொடுத்தேன், அதிலும் பத்து சதவீதம் தள்ளுபடி!

சுவரில் டேப் போட்டு வாழைப்பழம் ஒட்டி, கலை என்று வைத்திருந்தார்களா என்று கேட்டாயே, இங்கே இல்லை. அது 2019-ல் மயாமியில், 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதே சமாச்சாரம் 62 லட்சம் டாலருக்குப் போனது, வாங்கினவர் பழத்தை உரித்துத் தின்றுவிட்டார். கும்பகோணம் வாழைக்காய் மண்டியில் சொல்லிவைக்காதே, தார் விலையை ஏற்றிவிடுவான்கள்.

ராத்திரி பையனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். "சார், ஸ்டால் போடலையா?" என்றுதான் முதலில் கேட்டான். ஷோ விட்டுப்போனதைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. "மாஸ்டர் எப்படி இருக்கார்?" என்றான். உன் கண் ஆபரேஷன் முடிந்ததைச் சொன்னேன். உன் நம்பர் மாறியது அவனுக்குத் தெரியாது, கொடுத்திருக்கிறேன்.

அவனுடைய பழைய படம் ரெண்டு என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஒன்று உனக்கு. லாரியில் போடப் பயமாக இருக்கிறது, மாசி மகத்துக்கு வரும்போது நானே ரயிலில் எடுத்து வருகிறேன். மாட்டுவதற்கு வெயில் படாத சுவராகப் பார்த்து வை.

உன்
மாப்ளே