பெட்டி மேல் பாம்பு, உள்ளே சறுக்குமரம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன வாரம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் உங்களுடைய புதிய பாம்பும் ஏணியும் செட் வாங்கினேன். வீட்டில் இருந்த பழைய அட்டை மடிப்பில் கிழிந்துவிட்டது, டிசம்பர் விடுமுறை வருகிறது, பிள்ளைகள் போனையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்றுதான் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் அட்டையில் ஒரு பாம்புகூட இல்லை. எல்லாம் சறுக்குமரம், ஒவ்வொன்றிலும் சிரித்துக்கொண்டே சறுக்கும் ஒரு கரடிக்குட்டி.

அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943இலேயே பாம்பை எடுத்துவிட்டுச் சறுக்குமரம் போட்டது. ஆனால் அவர்கள் விளையாட்டின் பெயரையும் மாற்றித்தான் விற்றார்கள். நீங்கள் பெட்டி மேல் பழைய பெயரையும் அந்தப் பச்சைப் பாம்பையும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வேறொன்றை வைத்திருக்கிறீர்கள். பின்பக்கத்திலாவது அட்டையின் படம் இருந்தால் கடையிலேயே பார்த்துத் திருப்பி வைத்திருப்பேன்.

சரி, படம் போனால் போகட்டும், ஆட்டத்தையே கெடுத்துவிட்டீர்கள். பழைய அட்டையில் 98இல் ஒரு பாம்பு இருக்கும். யார் முன்னால் போனாலும் அதைத் தாண்டும்வரை எதுவும் நிச்சயமில்லை, கடைசியில் கிடப்பவருக்கும் பகடையை உருட்ட ஆசை இருக்கும். இப்போது 80க்கு மேல் சறுக்கலே கிடையாது. முந்தினவர் நேராக 100க்குப் போய்விடுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். என் சின்ன மகள் பாதி ஆட்டத்திலேயே "போதும்மா" என்று எழுந்துவிட்டாள். தோற்றால் பிள்ளைகள் அழுவார்கள் என்று எடுத்தீர்களோ என்னவோ, அழட்டுமே, அடுத்த ஏணி கிடைத்தால் தானாகச் சிரிப்பார்கள்.

இந்த விளையாட்டு இந்தியாவில் பிறந்தது. எங்கள் பரமபதத்தில் பாம்பு பாவம், ஏணி புண்ணியம், உச்சியில் வைகுண்டம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனபோதுகூட அங்கே பாம்பைப் பாம்பாகத்தான் விட்டார்கள். வைகுண்ட ஏகாதசி அன்று பெருமாள் கோயிலுக்குப் போய் வந்து, இரவு கண்விழிக்க என் மாமியார் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து ஆடுவது இதைத்தான். கரடிக்குட்டியை வைத்து அவர் என்ன கதை சொல்வார்?

அப்புறம் எண்கள். முன்பு 10க்கு நேர் மேலே 11 இருக்கும், காய் வளைந்து வளைந்து ஏறும். இப்போது எல்லா வரிசையும் இடமிருந்து வலம், ஒவ்வொரு வரிசை முடிவிலும் காயைத் தூக்கி இந்தக் கோடிக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளியில் இருக்கும் 100 எண் அட்டவணை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம், அந்த எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சறுக்குமரத்தின் அடி 38க்கும் அதன் மேலே உள்ள 48க்கும் நடுக்கோட்டிலேயே முடிகிறது. எந்தக் கட்டத்தில் காயை வைப்பது? பத்துக் கட்ட வித்தியாசம், பிள்ளைகள் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்? விதித்தாளிலும் இதற்குப் பதில் இல்லை. பகடைக்குப் பதிலாகக் கொடுத்திருக்கும் அட்டை அம்பு சரியாகச் சுழலவும் இல்லை.

பழைய அட்டையை மறுபடி அச்சிடுங்கள், புதியதை வேண்டுமானால் வேறு பெயரில் விற்றுக்கொள்ளுங்கள். அதுவரை பெட்டியில் உள்ளே இருப்பதன் படத்தைப் போடுங்கள். நான் கொடுத்த 24 வெள்ளி 90 காசும் எனக்குத் திரும்ப வேண்டும். ரசீதின் படத்தையும் அந்த 38, 48 கட்டங்களின் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பணத்தை எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செட்டை வாங்கிய ஒரு தாய்