அம்மாவுக்கு ஒரு சட்டிக் கோழி

ஜினான், சீனா,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்தில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன். கல்லூரி நாள்களில் ஞாயிறுதோறும் எனக்கும் சேர்த்து உலை வைத்தவர், இப்போது பல்லும் இல்லை, காரமும் ஆகாது என்று கோழித் தட்டை நகர்த்தி வைக்கிறாரா? மனம் கேட்கவில்லை. இங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு சமையல் அவருக்கு ஒத்துவரும். பொறுமையாகப் படி.

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ‘ஹுவாங் மென் ஜி’ கடை இருக்கிறது. ஹுவாங் என்றால் மஞ்சள், ஜி என்றால் கோழி. மென் என்பது மூடி போட்டுச் சிறு தீயில் வேகவிடுவது. மண்சட்டி கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும், பக்கத்தில் ஒரு கிண்ணம் சோறு. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை கூடக் கிடையாது. சர்க்கரையும் சோயாவும் தரும் நிறம் அது.

வீட்டுக்கார அம்மாள் செய்வதை அடுப்பருகே நின்று பார்த்தேன். எலும்போடு வெட்டிய தொடைக்கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துக் கழுவிக்கொள்கிறார். பிறகு வாணலியில் கொஞ்சம் எண்ணெய், ஒரு பிடி கற்கண்டு. எல்லாம் இந்த இடத்தில்தான், செல்வம். கற்கண்டு கரைந்து தேன் நிறமாகி, சிறு குமிழ்கள் எழுந்து, கடுந்தேநீர் நிறத்துக்கு வரும் அந்த நொடியில் கறியைக் கொட்டிவிட வேண்டும். நான் முதல் தடவை ஒரு கணம் தாமதித்தேன். பாகு கருகி, சட்டி முழுவதும் கசந்தது. கறி நிறம் பிடித்ததும் இஞ்சி, வெங்காயத்தாள், ஒரே ஒரு அன்னாசிப்பூ, சோயா சாறு. ஊறவைத்த காய்ந்த காளானையும் அது ஊறிய தண்ணீரையும் சேர்த்து, கறி முங்குமளவு வெந்நீர் விட்டு மூடிவிடுகிறார். பிராய்லர் என்றால் முக்கால் மணி நேரம். நாட்டுக்கோழி என்றால் அதைப் போல் இரு மடங்கு. குடைமிளகாய் கடைசியில்தான், அம்மாவுக்கு அதுவும் வேண்டாம்.

நம் வீட்டில் மசாலா எண்ணெய் பிரியும்வரை வதங்கினால்தான் கைக்கு நிம்மதி. இங்கே மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் கைப்பக்குவம். பக்கத்து தெஜோவ் ஊரின் கோழி இதற்கும் மேலே: பாகு தடவிப் பொரித்து, பிறகு மசாலாச் சாற்றில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். ரயில் நிலையத்தில் விற்றே நாடெங்கும் பெயர் வாங்கியது. காலைப் பிடித்து உதறினால் எலும்பு மட்டும் கையில் நிற்கும்.

சூப்பையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முற்றிய முட்டைக்கோழிதான் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு இங்கேயும் அதைத்தான் கொடுக்கிறார்கள். இஞ்சி நான்கு வில்லை, உலர்ந்த சிவப்பு இலந்தை ஐந்தாறு. நம் இலந்தைக்கு உறவுதான், புளிப்பு இல்லாமல் இனிக்கும். தளதளவென்று கொதிக்கவிடாதே, இரண்டு மணி நேரம் ஓரத்தில் மட்டும் குமிழ் எழுந்தால் போதும். உப்பு இறக்கும்போதுதான்.

சோயாவிலேயே உப்பு நிறைய. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்பதால் பாதியளவே விடு, தனியாக உப்புச் சேர்க்காதே. எலும்பை நீயே உருவியெடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் சோற்றைக் குழையப் பிசைந்து கொடு.

இலந்தையும் காளானும் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பர் கொண்டுவருவார். அதுவரை காத்திருக்காதே, காளான் இல்லாமலே ஒருநாள் செய்துபார். அம்மா எத்தனை வாய் சாப்பிட்டார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
முரளி