ஃபோர் கார்னர்ஸ் பயணம்: ஜூன் 13

வணக்கம். அமெரிக்காவின் 50 மாநிலங்களையும் பார்க்கும் நம் திட்டத்தில் அடுத்தது ஃபோர் கார்னர்ஸ்: நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா, அரிசோனா நான்கும் சந்திக்கும் முனை. ஜூன் 13 சனி, காலை 6 மணிக்கு ஆல்புகர்க்கியிலிருந்து புறப்பாடு. சுமார் 4 மணி நேர ஓட்டம்.

1. இடத்தை நிர்வகிப்பவர்கள் நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள். தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் செல்லாது, நுழைவுக் கட்டணம் தனி. மதுவுக்குச் சட்டப்படி தடை. காரில் வைத்திருப்பதும் குற்றம்.
2. நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரிசோனா, மற்ற மூன்று மாநிலங்களைப் போலக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றாது. நவாஹோ பகுதி மாற்றும். எல்லையோரம் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். தானியங்கி நேரத்தை அணைத்து, நியூ மெக்சிகோ நேரத்திலேயே வையுங்கள்.
3. வழியில் ஷிப்ராக் ஊரில் டேங்க் நிரப்புங்கள். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். ஃபோர் கார்னர்ஸில் குழாயை நம்ப வேண்டாம்.

ஓட்டுபவர் பெயர், காலி இருக்கைகள் இரண்டையும் மே 31 இரவு 9-க்குள் இங்கேயே பதிலிடுங்கள்.