நீ சோம்பேறி இல்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பா காலை நடையை விடாமல் போகிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. “முன்னாடி ஒரு கியர் டிசைன் கையில வந்தா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். இப்ப சிஸ்டத்தைத் திறக்கவே பிடிக்கல. நான் சோம்பேறி ஆயிட்டேனாம்மா?” நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. ஓய்வு பெறும்வரை ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் உளவியல் நடத்தியவள் நான். ஊக்கமும் மனவெழுச்சியும் எனக்கு ரொம்பப் பிடித்த பாடங்கள். நான் படித்தது என் பிள்ளைக்கே உதவாவிட்டால் எப்படி?

சோம்பேறி என்றால் எல்லாவற்றிலும் அல்லவா சோம்பல் இருக்கும்? நீ இன்னும் விடியற்காலையில் எழுந்து ஓடப் போகிறாய். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் கியரைச் சரிசெய்ய ஒரு முழு மாலையைச் செலவழித்ததாகச் சொன்னாய். ஒரே ஒரு இடத்தில்தான் உன் ஆர்வம் வற்றியிருக்கிறது. எப்போது வற்றியது என்று யோசித்துப் பார்த்தேன். ஆபீசில் அந்தப் புள்ளிக் கணக்கு வந்த பிறகு. ஒரு டிராயிங் முடித்தால் இத்தனை புள்ளி, மாதக் கடைசியில் புள்ளிக்கேற்ப இன்சென்டிவ், யார் முதலில், யார் கடைசியில் என்று சுவரில் ஒரு திரை. ஆரம்பத்தில் நீயும் சந்தோஷப்பட்டாய். அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது.

பரிசு சேர்ந்தால் ஆசை கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உளவியலாளர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். 1940களின் கடைசியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குகளின் கூண்டில் ஒரு பூட்டுப் புதிரை வைத்தார். ஊசியை உருவி, கொக்கியைக் கழற்றி, நாதாங்கியைத் தூக்க வேண்டும். பரிசோதனை தொடங்கும் முன் பழகட்டும் என்று வைத்ததுதான். யாரும் தீனி தரவில்லை, சொல்லியும் கொடுக்கவில்லை. குரங்குகள் தாமாகவே கழற்றிக் கழற்றித் தேர்ந்துவிட்டன. பிறகு உலர் திராட்சையைப் பரிசாக வைத்தபோது தவறுகள் கூடின. பசியும் பயமும்தான் உயிர்களை இயக்குகின்றன என்று நம்பிய காலத்தில் இதை எங்கே வைப்பது என்றே பலருக்குத் தெரியவில்லை.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நீதான் நினைவுக்கு வருவாய். பழைய டேபிள் ஃபேனைப் பிரித்து, ஸ்க்ரூவையும் வாஷரையும் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, தலையைத் திருப்பும் அந்தச் சின்ன கியர் பெட்டியை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாய். சாப்பிடக் கூப்பிட்டால் கிரீஸ் கையோடு வருவாய். உனக்கு யார் என்ன பரிசு தந்தார்கள்?

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். சோமா என்று ஏழு துண்டுகள் கொண்ட ஒரு புதிர். அவற்றைச் சேர்த்து, டெசி காட்டும் உருவத்தைக் கல்லூரி மாணவர்கள் அமைக்க வேண்டும். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் மட்டும் ஒரு குழுவுக்கு, முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் டெசி ஏதோ சாக்குச் சொல்லி எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். அறையில் பத்திரிகைகளும் கிடக்கும். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்த எட்டு நிமிடம்தான் உண்மையான பரிசோதனை. பணம் நின்ற மூன்றாவது அமர்வில், முன்பு பணம் வாங்கியவர்கள் அந்த ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்துவிட்டது. பணமே பார்க்காதவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

அதைவிட என்னை உலுக்கியது 1973இல் வந்த, ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கனவே பிரியமுள்ள குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் மறுபடி பேனாக்களை வைத்துப் பார்த்தால், முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் தங்கள் நேரத்தில் 9 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வரைந்தார்கள். மற்ற இரு குழுக்களிலும் அது 17, 18 சதவீதம். பரிசுக்காக வரைந்த நேரத்தில் அந்தக் குழந்தைகள் போட்ட படங்களின் தரமும் குறைவு. உன் ஆபீஸ் திரையை நினைத்துப் பார். புள்ளிக்காக நீங்கள் எல்லோரும் டிராயிங்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுகிறீர்கள் என்று நீயே சொன்னாயே.

பணம் ஆகாது என்று நான் சொல்லவில்லை. உழைத்ததற்குக் கூலி கேட்பது நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெசியும் சகாக்களும் 1999இல் 128 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். எதிர்பாராமல் வந்த பரிசு ஆர்வத்தைக் குறைக்கவில்லை. சலிப்பான வேலைக்குப் பரிசு கொடுப்பதாலும் கெடுதல் தெரியவில்லை. ‘இதைச் செய்தால் இது’ என்று முன்கூட்டியே பேசி, ஏற்கனவே பிடித்த வேலையின் மேல் கட்டும்போதுதான் ஆர்வம் சரிகிறது. இதை ஏற்காத உளவியலாளர்களும் உண்டு, அவர்களோடு நீண்ட வாதம் நடந்தது. ஆனால் உன் கதையைக் கேட்கும்போது எனக்கு டெசி சொல்வதே பொருந்துகிறது.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாட்டில், மனசுக்கு மூன்று தேவைகள். நாமாக விரும்பிச் செய்கிறோம் என்ற உணர்வு, கை தேறுகிறது என்ற உணர்வு, நம்மோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உனக்கு மூன்றும் ஒரே சமயத்தில் அடிபட்டிருக்கிறது. எந்தப் பாகத்தை எடுப்பது என்று இப்போது சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. புள்ளி கெட்டுவிடும் என்று கஷ்டமான டிசைனை யாரும் தொடுவதில்லை, அதனால் புதிதாகக் கற்க வழியில்லை. டீக்கடையில் நாப்கினில் கோடு போட்டு உன்னோடு சண்டை பிடிக்கும் அந்த சீனியரும் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். இதற்கு மேலும் கை வரவில்லை என்று உன்னையே திட்டிக்கொள்வது அநியாயம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டையும் சொல்லிவிட்டு ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நாலு நாலாகச் சொல்வார். செல்வத்தை அவர் உவகையின், அதாவது மகிழ்ச்சியின், கீழே வைத்தார். பெருமிதத்துக்கு அவர் சொன்னவை கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. இன்சென்டிவ் வந்த நாளில் உனக்கு வந்தது உவகை, அது பொய்யில்லை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னை உட்கார வைத்தது பெருமிதம். அது வேறு ஊற்றிலிருந்து வருகிறது.

இன்னொன்று. “என் வாழ்க்கையே தப்பாப் போச்சு” என்றும் சொன்னாய். ஞாயிறு இரவு, பதினோரு மணி, மறுநாள் ரிவ்யூ. 1983இல் ஷ்வார்ட்ஸ், குளோர் என்ற இரு உளவியலாளர்கள், ஆட்களைப் போனில் அழைத்து வாழ்க்கை எவ்வளவு திருப்தி என்று விசாரித்த ஆய்வை வெளியிட்டார்கள். வெயில் அடித்த நாளில் திருப்தி கூடுதல், மழை நாளில் குறைவு. ஆனால் “அங்கே வானிலை எப்படி?” என்று முதலில் கேட்டுவிட்டால் மழை நாளின் அந்தக் குறைவு தெரியவில்லை. மனசு சோர்ந்ததன் காரணம் இன்னது என்று கண்ணில் பட்டதும், அதை முழு வாழ்க்கையின் மேல் ஏற்றுவதை மனிதர்கள் நிறுத்திவிட்டார்கள். உன் எரிச்சலை நான் அலட்சியப்படுத்தவில்லை, தம்பி. அது ஏதோ சரியில்லை என்று உனக்குச் சொல்கிறது, கேட்க வேண்டியதுதான். அது பேசுவது அந்தத் திரையைப் பற்றி. உன் படிப்பையும் உன்னையும் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ராஜினாமாவை இப்போது எழுத வேண்டாம். புதன்கிழமை மேனேஜரிடம் உட்கார்ந்து பேசு. சம்பளத்தைப் பற்றிப் பேசாதே. தொடக்கத்திலிருந்து சோதனை வரை ஒரு கியர்பாக்ஸை முழுசாக என் பொறுப்பில் விடுங்கள், அந்த ஒன்றுக்குப் புள்ளி வேண்டாம் என்று கேள். அந்த சீனியருக்குப் போன் போட்டு, வாரத்தில் ஒரு மாலை அவருக்கு ஒழியுமா என்றும் கேள். மேனேஜர் முடியாது என்றால், அடுத்த இடம் பார்க்கலாம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் பென்ஷன் வருகிறது, உன் பணத்தை எதிர்பார்த்து இந்த வீடு ஓடவில்லை. அப்பாவிடமும் பேசிவிட்டேன், அவருக்கும் இதே எண்ணம்தான்.

மேனேஜர் என்ன சொன்னார் என்று புதன் இரவே கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா