தாலிக்கு முன்னால் நிரப்ப ஒரு பாரம்

அன்புள்ள கமலா,

நீ மறுமணம் செய்துகொள்ளப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 54 வயதில் என்ன கல்யாணம் என்று உன் அண்ணி கேட்டாராம். கேட்கட்டும். பினாங்கு ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, தனியாளாய் மகளைப் படிக்க வைத்தவள் நீ. உன்னோடு உட்கார்ந்து பசியாற ஒரு நல்ல மனிதர் வருகிறார் என்றால் அதில் யாருக்கு என்ன குறை?

சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம். நம் தோட்டத்து லயம் வீடுகள் இருந்த பக்கம் முழுக்கச் செம்பனைதான். மாரியம்மன் கோயிலுக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது, அதை விடு.

உன் கடிதத்தில் ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். "ஈபிஎஃப்பில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். உன் ஊழியர் சேமநிதியில் நாமினியாக நிற்கும் பழைய கணவர் பெயரைத்தான் சொல்கிறாய். அப்புறம் வேண்டாம் கமலா. நாமினி என்றால் நமக்குப் பின் பணம் யாருக்கு என்று நாம் எழுதிக் கொடுத்த பெயர். நம் மலேசியாவில் விவாகரத்து ஆனதால் மட்டும் அது மாறிவிடாது. நீயாகப் போய் மாற்றாத வரை பழைய பெயர்தான் நிற்கும். முஸ்லிம் அல்லாத நமக்கு, நாமினிக்குப் போகும் பணம் அவருக்கே சொந்தம். உயிலில் மகள் பெயரை எழுதியிருந்தாலும் அந்தப் பணம் உயில் வழியாகப் போகாது. தோட்டத்து ஆபீசில் பாரம் (படிவம்) எழுதிக் கொடுத்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) இறந்தபோது, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட இரண்டாம் மனைவி வெறுங்கையோடு நின்றாள். எப்போதோ பிரிந்துபோன முதல் மனைவிக்குப் பணம் போனது. அந்தப் பெண்மேல் தவறில்லை, பாரத்தில் அவள் பெயர் இருந்தது. கேடபிள்யூஎஸ்பி (ஈபிஎஃப்பின் மலாய்ப் பெயர்) 4 என்று ஒரு பாரம், அவ்வளவுதான் வேலை. மகளுக்கு எவ்வளவு, புதுக் கணவருக்கு எவ்வளவு என்று சதவீதம் போட்டுப் பிரித்தே எழுதலாம்.

இன்சூரன்ஸ் இதைவிடச் சிக்கல். கணவரையோ பிள்ளையையோ நாமினியாக எழுதினால் அந்தப் பாலிசிப் பணம் சட்டப்படி அவர்களுக்காகவே ஒதுக்கி வைத்த டிரஸ்ட் ஆகிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்தான் டிரஸ்டி. நீ தனியாக ஒருவரை நியமிக்காமல் விட்டிருந்தால் நாமினியே டிரஸ்டி. அவர் எழுத்தில் சம்மதம் தராமல் நீ பெயரை மாற்றவும் முடியாது, பாலிசியை சரண்டர் செய்து (பாதியில் முடித்து) பணம் எடுக்கவும் முடியாது. பழைய மனிதரோடு இப்போது சண்டை இல்லை என்கிறாயே, அவர் மனம் நல்லபடி இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடு.

அப்புறம் உயில். மூன்று வருஷத்துக்கு முன் மகளுக்காக எழுதினாயே, நீ மறுமணம் செய்த அன்றே அது செல்லாமல் போய்விடும். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இன்னாரைத் திருமணம் செய்யப்போவதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன் என்று உயிலிலேயே குறிப்பிட்டால் மட்டும் நிற்கும். உயில் இல்லாமல் போனால், அப்பா அம்மா இல்லாத உனக்கு, மூன்றில் ஒரு பங்கு கணவருக்கு, மீதி மகளுக்கு. அவருக்குப் பங்கு போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவருக்குப் போனது அவருக்குப் பின் அவர் பையன்களுக்குப் போகும். அவர் சொத்தில் உன் மகளுக்குச் சட்டம் எதையும் தராது. நீ வியர்வை சிந்தி வாங்கிய அந்த வீட்டின் ஒரு பகுதி, உன் மகளின் முகம்கூடத் தெரியாத யாருக்கோ போவதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டைப் பற்றி இன்னொன்று. கல்யாணத்துக்கு முன் வாங்கியது உன்னுடையதுதான். ஆனால் அவர் பணம் போட்டோ உழைத்தோ வீட்டைப் பெரிதாகச் சீர்படுத்தினால், பின்னாளில் ஏதாவது பிரச்சினை என்று கோர்ட்டுக்குப் போகும்போது அதையும் தம்பதிச் சொத்தாகப் பார்க்கலாம். அடுப்படியை நீட்டிக் கட்டப் போகிறீர்கள் என்றாயே, யார் எவ்வளவு போட்டது என்ற ரசீதுகளை எடுத்து வை. அடுத்த வருஷம் 55 ஆனதும் ஈபிஎஃப் பணத்தை மொத்தமாக எடுத்து ஜாயிண்ட் அக்கவுண்டில் போடாதே. எடுக்காமல் விட்டாலும் டிவிடெண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். அவருடைய மகனின் லாரித் தொழிலுக்கு உதவ நினைத்தால், கடன் என்று எழுதி, உன்னால் முடிந்த அளவு மட்டும் கொடு.

இதை எல்லாம் அவருக்குத் தெரியாமல் செய்யச் சொல்லவில்லை. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசு. அவருக்கும் செத்துப்போன மனைவியின் பெயரில் ஏதாவது கிடக்கும், இரண்டு பேருமே சரி செய்துகொள்ளுங்கள். இதைக் கேட்டுக் கோபப்படுகிற மனிதர் என்றால் அதையும் நீ கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிடாமல் பதிவும் செய்துவிடு. 1982இலிருந்து நம் கல்யாணங்களுக்குப் பதிவு கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் மனைவி என்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களை இதே ஊரில் பார்த்திருக்கிறேன்.

உன் அப்பா தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது? தெரியாவிட்டால் அதையும் கேட்டுப் பார். அடுத்த வாரம் பாலிசி, பழைய உயில், விவாகரத்துத் தீர்ப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அப்படியே சேலையும் எடுத்துவிடலாம். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
சரசு