அரண்மனை முற்றத்தில் அடுப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஜமீன் வீடுகளையும் தோப்போடு கூடிய பெரிய பங்களாக்களையும் சீசன் நாட்களிலாவது பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்ற பேச்சு நம் திருநெல்வேலிப் பக்கத்தில் அவ்வப்போது எழுகிறது. நல்ல பேச்சுதான். சிங்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி, எட்டயபுரம் என்று ஜமீன்கள் நிறைந்திருந்த சீமை இது. 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தோடு நிலமும் வரியும் கைமாறிப் போயின. மிஞ்சியது வீடும் மதிலும் நாலு மாமரமும். அதைப் பார்க்க வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மதியம் பசிக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் முன்னாலேயே பசிக்கும். அந்தச் சாப்பாட்டு ஏற்பாட்டில்தான் பல இடங்கள் கெட்டுப்போகின்றன என்பதால் இந்தக் கடிதம்.

ஏற்பாடு செய்கிறவர்கள் பந்தல், சமையல் தொழிலில் இருக்கும் எங்களிடம் முதலில் கேட்பது, "என்ன சாப்பாடு போடலாம், தேங்காய்ப்பால் சொதியா கூட்டாஞ்சோறா?" என்பதுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்பது.

300 பேர் இலையில் சாப்பிட்டுப் போனால், குடிக்க, கை கழுவ, சமைக்க, பாத்திரம் துலக்க என்று ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் 3,000 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. கழிப்பறைக்கு இது போகத் தனியாக. வந்த தண்ணீரில் பெரும்பங்கு எண்ணெயும் பருக்கையுமாக வெளியே போயாக வேண்டும். பழைய வீட்டு முற்றத்தில் ஒரு சலதாரை இருக்கும். "அதான் இருக்கே" என்று அதில் விட்டுவிடுவார்கள். அது மழைத் தண்ணீருக்கு வெட்டியது. கழுநீர் போனால் இரண்டே வாரத்தில் உள்ளே கொழுப்பு உறைந்து அடைக்கும். அன்றைக்குத் தெரியாது. ஐப்பசியில் மழை கொட்டும்போது முற்றத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் அஸ்திவாரத்துக்குள் இறங்கும்போதுதான் தெரியும்.

இதற்குச் செலவு பெரிதில்லை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு போதும். முதல் டிரம்முக்குள் தண்ணீர் மேலிருந்து விழ வேண்டும், விழுகிற இடத்தில் பருக்கையைப் பிடிக்க ஒரு வலைக்கூடை. வெளியே போகும் குழாயை மட்டும் டிரம்முக்குள் வளைத்துக் கீழ்நோக்கி, பாதி ஆழத்துக்கும் கீழே வாய் இருக்கும்படி வைக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும், தெளிந்த தண்ணீர் அடியிலிருந்து அடுத்த டிரம்முக்குப் போகும், அங்கேயும் அதே மாதிரிக் குழாய். குழாய் வாயை மேல்மட்டத்தில் வைத்தால் எண்ணெய்தான் முதலில் வெளியேறும். இந்தத் தப்பை நிறைய இடங்களில் பார்க்கலாம். கொதிக்கிற வடிகஞ்சியையும் வெந்நீரையும் நேராக இதில் ஊற்றக் கூடாது. சூட்டில் கொழுப்பு உருகித் தண்ணீரோடு போய்விடும். ஆறவிட்டு ஊற்றுங்கள். தினமும் சாயங்காலம் மேலே படிந்ததை அகப்பையால் வழித்து எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து வருவது ஜல்லி போட்ட உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். குழி, கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளித்தான்.

அடுத்தது இடம். ஆக்குப்புரையை, அதாவது சமையல் கொட்டகையை, ஒருபோதும் கட்டடத்துக்குள் போடக் கூடாது. தார்சா என்கிற முன்கூடத்தில் வேண்டாம், முற்றத்தில் வேண்டாம், பழைய அடுக்களையே இருந்தாலும் அதிலும் வேண்டாம். அந்த அடுக்களை ஒரு குடும்பத்துக்கும் வேலையாட்களுக்கும் கட்டியது, 300 பேருக்கு இல்லை.

சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் மூச்சு விடுகிற சுவர். அதில் வடை போட்ட எண்ணெய்ப் புகை ஏறினால் லேசில் போகாது. மேலே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மஞ்சளாகக் கசிந்து வரும். அடிச்சுவரில் கழுநீர் தெறித்துக்கொண்டே இருந்தால் சாம்பாரில் இருக்கிற உப்பும் சேர்ந்து சுவருக்குள் போகும். காயும்போது உப்பு பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பிறகு யாராவது நல்ல எண்ணத்தோடு அந்த இடத்தில் சிமெண்ட் பூசுவார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் இன்னும் இரண்டு அடி மேலே ஏறி அங்கே பூக்கும். ஒரு சீசன் சமையலுக்கு ஒரு சுவரைக் கொடுப்பது லாபமா என்று யோசித்துப் பாருங்கள்.

முற்றத்தில் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கேஸ். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளம் தேடிப் போகும். முற்றம் சுற்றுத் தாழ்வாரத்தைவிட ஒரு படியாவது தாழ்ந்திருக்கும், நாலு பக்கமும் சுவர். கசிந்த கேஸ் அங்கேயே தேங்கி, சலதாரை வழியாக அடுத்த கட்டுக்கும் போகும். சிலிண்டர் திறந்த வெளியில், மேட்டில், நிழலில், நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும். வீட்டுச் சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் வைத்திருக்கக்கூடிய சமையல் கேஸ் 100 கிலோ. அதாவது நிறைந்த சிலிண்டர் ஐந்து வரை, 95 கிலோ. ஆறாவதை இறக்கினால் எல்லை தாண்டிவிட்டது. 300 பேருக்கு ஒரு நாள் சமையல் இரண்டு சிலிண்டருக்குள் முடியும் என்பதால் அடுக்கி வைக்கத் தேவையும் இல்லை. எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் அதை மூடும் அளவுக்குத் தட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், அதுதான் செய்யக் கூடாதது.

விறகு அடுப்புச் சாப்பாடு என்றால் ருசி தனி என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மச்சில் நூறு வருஷம் காய்ந்த மரம் இருக்கிற வீட்டுப் பக்கத்தில் பொறி பறக்கிற கோட்டை அடுப்பை வெட்ட நாங்கள் ஒப்ப மாட்டோம்.

எந்தப் பக்கம் போடுவது என்பதைக் காற்று சொல்லும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நம் பக்கத்தில் நிற்கவே நிற்காது. அந்த மாதங்களில் ஆக்குப்புரை வீட்டுக்குக் கிழக்கே இருக்க வேண்டும். மேற்கே போட்டால் புகையும் சாம்பலும் நேராக வீட்டுக்குள். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று, அப்போது கணக்கு மாறும். கூட்டம் அதிகம் வருவது குற்றாலச் சீசனிலும் ஆடி அமாவாசையிலும் என்பதால் கிழக்கே என்று வைத்துக்கொள்வதே உத்தமம்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, சாமியானா பறக்கும். பந்தல்காரர் வழக்கப்படி காலுக்குக் குழி தோண்டுவார், கயிற்றைத் தூணில் கட்டுவார். இரண்டையும் இங்கே விடக் கூடாது. கல் பாவிய முற்றத்தைத் தோண்டினால் திரும்ப அதே மட்டத்துக்கு வராது. கயிறு இழுக்கிற இழுப்பில் தூணின் பூச்சு வெட்டுப்படும். 200 லிட்டர் இரும்பு டிரம்மில் மணல் நிரப்பினால் 300 கிலோவுக்கு மேல் கனம் நிற்கும். ஒவ்வொரு மூலைக்கும் அப்படி ஒன்று, நீளவாட்டில் இடையிலும் போட்டு அதில் கட்டலாம். மேற்குப் பக்கம் துணியால் முழுக்க அடைக்காதீர்கள், பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். காற்று ஊடுருவிப் போகிற ஓலைத் தட்டியே போதும்.

தண்ணீர் விஷயத்தில் பழைய கிணற்றை நம்பிவிடுகிறார்கள். "ஜமீன் காலத்துக் கிணறு, கல்கண்டு மாதிரி தண்ணீர்" என்பார்கள். ருசி வேறு, சுத்தம் வேறு. முன்கூட்டியே பரிசோதனைக்கு அனுப்புங்கள். சமையலுக்கும் குடிக்கவும் தொட்டியில் ஏற்றும் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டு, அதற்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, அளவு சரியாகப் போட்டும் மிச்சம் பூஜ்யமாக வருவது அதனால்தான். குடிக்க வைக்கும் இடத்தில் காருக்குறிச்சிப் பானைகளை வைத்துப் பக்கத்தில் நீண்ட காம்பு அகப்பை போடலாம். டம்ளரை முக்கி எடுக்க விடக் கூடாது.

உட்கார இடம்: இலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு இரண்டடி மேஜை வேண்டும். ஆறடி மேஜைக்கு மூன்று பேர், ஒரு பக்கம் மட்டும், எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவருக்கு. நாற்காலி, மேஜை, நடை எல்லாம் சேர்த்தால் தலைக்கு 15 சதுர அடி. ஒரு பந்திக்கு 25 நிமிஷம், இலையெடுத்துத் துடைக்க 10 நிமிஷம். 300 பேரை இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்ப 100 பேர் உட்காரும் மூன்று பந்தி. அதாவது 34 மேஜை, 1,500 சதுர அடி. கை கழுவக் குறைந்தது பத்துக் குழாய் இல்லை என்றால் பந்தி முடிகிற இடத்தில்தான் கூட்டம் முட்டும், சாப்பிட வருகிற இடத்தில் இல்லை.

இனி சாப்பாட்டுக்கு வரலாம். நூறு பேருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ அரிசி. திருநெல்வேலி என்றதும் எல்லோரும் சொதி கேட்பார்கள். மறுவீட்டுச் சாப்பாட்டின் பெருமை அது, நூறு பேருக்கு 25, 30 தேங்காய் பிழிய வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் சொதி இறக்கியதும் பரிமாறப்படுகிறது. இங்கே பன்னிரண்டரை மணிக்கு இறக்கியது இரண்டரை மணிவரை நிற்க வேண்டும். அடுப்பில் சூடு காட்டிக்கொண்டே இருந்தால் தேங்காய்ப்பால் திரியும். இறக்கி வைத்தால் சித்திரை, வைகாசி வெக்கையில் புளித்துப் போகும். வழி இருக்கிறது. காய்கறியையும் பருப்பையும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து அந்த அடியை மட்டும் 60 டிகிரிக்கு மேல் கொதி நிலைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். பிழியாத துருவலை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பந்திக்கும் கால் மணி முன்னால் முதல் பால் எடுத்து, அந்தப் பந்திக்கு வேண்டிய அளவு அடியை வேறு பாத்திரத்தில் எடுத்துக் கலந்து, நுரை கட்டியதும் இறக்கி, எலுமிச்சை பிழிய வேண்டும். இதற்கென்று ஓர் ஆள் தனியாக நிற்க வேண்டும். ஆள் இல்லை என்றால் சொதியை விட்டுவிட்டுப் புளிக்குழம்பு வையுங்கள். கூட்டாஞ்சோறு, புளிச்சோறு இரண்டும் இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்றவை. முந்தின பந்தி மிச்சத்தை அடுத்த பாத்திரத்தில் கொட்டிக் கலக்காமல் இருந்தால் போதும்.

வடை எண்ணெயை மறுநாளுக்கு வைக்கும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் அதில் சேரும் கெட்ட பொருட்கள், அதாவது மொத்தத் துருவச் சேர்மங்கள், 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி. அளக்கிற கருவி இல்லாதவர்கள் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். தற்காலிகக் கடை என்பதற்காக உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தற்காலிகக் கடைக்கும் பதிவு வேண்டும்.

இலைக்குக் கவலையில்லை, களக்காட்டில் வாழை இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் சமையலாட்களும் கிடைப்பார்கள். பந்தல் சாமான் மட்டும் கோயில் கொடைகளுக்குப் போய்விடும், முன்னமே சொல்லி வையுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தேநீருக்கு எவர்சில்வர் டம்ளர் 150 வாங்கிச் சோப்பு, அலசல், வெந்நீர் என்று மூன்று தொட்டி வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. பதநீர்க் காலத்தில் பனையோலைப் பட்டையிலேயே ஊற்றிக் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் அது மாட்டுக்கு. எச்சில் இலை 300 சேர்ந்தால் 50 கிலோவுக்குக் குறையாது. அன்றைக்கே அகற்ற வேண்டும். மலையடிவாரம் என்றால் ஓர் இரவு விட்டாலே குரங்கு வழி கண்டுபிடித்துவிடும், பிறகு சீசன் முடிந்தும் போகாது.

மின்சாரத்தை வீட்டின் பழைய ஒயரிங்கிலிருந்து இழுக்காதீர்கள். தற்காலிக இணைப்பு வாங்கி, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் போட்டு, கிரைண்டருக்குத் தனி லைன் கொடுங்கள். வீடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பந்தல் போடும் முன் அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

"எதற்கு வருஷா வருஷம் பந்தல், கான்கிரீட்டில் ஒரு சாப்பாட்டுக்கூடம் கட்டிவிடலாமே" என்றும் சொல்கிறார்கள். இரண்டு மூன்று சீசன் போகட்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கம் நிழல் விழுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியாமல் கட்டியதை இடிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. பந்தலைத் தப்பான இடத்தில் போட்டால் அடுத்த வருஷம் நகர்த்திக்கொள்ளலாம்.

பந்தல் போடும் முன் சுவர், தரை, சலதாரை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். பிரித்த பிறகு அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். உறிஞ்சுகுழியை ஜல்லியை எடுத்துவிட்டு மண் போட்டு மூடி, மூன்றாம் நாள் இறங்கிய மண்ணை மறுபடி நிரப்ப வேண்டும். டிரம் மணல் ஒரு குவியலாகக்கூட வளாகத்தில் கிடக்கக் கூடாது. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இப்படிக்கு,
பந்தல், சமையல், பரிமாறல் தொழிலில் உள்ளோர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.